பழைய கே.ஈ. 70-ஐ வீட்டிலேயே ராலி காராக்குவது: எதில் தொடங்குவது? (மட்டக்களப்பு)

ஆரையூரான்
எல்லோருக்கும் வணக்கம். மாமாவிடமிருந்து எனக்கு ஒரு டொயோட்டா கொரோலா கே.ஈ. 70 வந்திருக்கிறது. 1983 மாடல், நாலு கதவு செடான், 4கே இஞ்சின். பதிவுப் புத்தகம் எல்லாம் சரி. தினமும் ஓடுவதற்கு வீட்டில் வேறு வாகனம் இருக்கிறது. அதனால் இதைக் கிரவலில் ஓடுகிற ராலி காராக்க ஆசை. முதலில் மூடிய மண் சுற்றில் ஓடுகிற சூப்பர்கிராஸ், பிறகு பக்கத்தில் நேவிகேட்டரோடு ஓடுகிற மேடை ராலி.

இடம் ஆரையம்பதி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கீழே சீமெந்துத் தரை. ஒரு ட்ரொலி ஜெக், நாலு ஸ்டாண்ட், கிரைண்டர் இருக்கிறது. மிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கப் போகிறேன். முடிந்தவரை என் கையால் செய்ய வேண்டும், தெரியாததைப் பழகிக்கொண்டு செய்ய வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடையில் ஒரு 5கே இஞ்சினுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்கலாமா?

வேகம்1300
தாராளமாகத் தொடங்குங்கள் அண்ணன். 4கே 1290 சி.சி., 5கே 1486 சி.சி. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 73 மிமீ. போர்தான் 75-இலிருந்து 80.5 ஆகிறது. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களில் வந்த இஞ்சின் என்பதால் நம் நாட்டில் சாமான் தட்டுப்பாடு இல்லை. கியர் பொக்ஸ் அப்படியே பூட்டும். இரண்டு காபரேட்டர், கம்பியூட்டர் இல்லாத எளிய இக்னிஷன், நல்ல ஹெடர். அப்புறம் பாருங்கள் அது போகிற போக்கை.

சாய்ந்தமருது நானா
தம்பி, அந்த 5கே-ஐ இப்போது வாங்க வேண்டாம். சொல்லி வைத்தவரிடம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

நான் வெல்டிங் வேலை செய்பவன். சூப்பர்கிராஸ் ஓடிய கார்கள் திரும்பி வந்து என் முன்னால் நின்றிருக்கின்றன. இஞ்சின் பலம் போதாமல் வந்த கார் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் முன் ஷொக்கின் மேல்முனை பூட்டுகிற ஸ்ட்ரட் கோபுரம் பிளந்தவை, பின் அக்ஸிலைப் பிடிக்கிற லிங்க் பூட்டுகிற இடம் கிழிந்தவை, உருண்டு கூரை சீட்டில் வந்து இருந்தவை. கிரவலில் முதலில் களைத்துப் போவது காரின் கூடு, அதாவது பொடிதான். அதனால் காசும் நேரமும் முதலில் பொடிக்கு, பிறகு உருண்டால் ஆளைக் காக்கிற குழாய்க் கூடான கேஜுக்கு, பிறகு சீட், பெல்ட், பிரேக்குக்கு, அதன் பிறகு ஷொக்குக்கு. இஞ்சின் கடைசி. 4கே நன்றாக மூச்சு விடுகிறது என்றால் முதல் பருவத்துக்கு அதுவே போதும்.

உங்கள் ஊர் ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். நாற்பது வருடக் காரில் கறள் இல்லாமல் இருக்காது. இந்த வார இறுதியில் சீட், கார்பட், கதவுத் தட்டி, டாஷ்போர்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பொடி முழுக்க ஓடவிடுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று கேட்கும், கெட்டது மந்தமாகக் கேட்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்ட்ரட் கோபுரத்தின் மேல், பற்றரித் தட்டின் கீழ், முன் கண்ணாடியின் அடி விளிம்பு, பெடலுக்குக் கீழான தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் ஸ்பிரிங் இருக்கும் கிண்ணம், பின் லிங்க் பூட்டுகிற பிராக்கட். படத்தோடு வாருங்கள்.

ஆரையூரான்
நானா, சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினேன். கூரை, கதவு, பின் பக்கம் நல்லது. கோபுரம் இரண்டும் நல்லது. இடது பக்கத் தரைதான் பிரச்சினை. மேலே ஒட்டியிருந்த கறுப்புத் தார்த் தட்டு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு மூலையை ஸ்க்ரேப்பரால் கிளப்பினேன், தட்டோடு சேர்ந்து தகடும் வந்தது. அடியில் ஈரம், செம்பழுப்புத் தூள். விரலால் அமத்தினால் நனைந்த பிஸ்கட் போல உடைகிறது. ஓட்டை வழியாக என் சீமெந்துத் தரை தெரிகிறது. நீளம் ஒரு சாண், அகலம் அதில் பாதி. பெட்டியின் முன் முனையும் கொஞ்சம் போயிருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். இந்தப் பொடியைக் கைவிடுவதா?

ஏறாவூர் பாஸ்
கைவிட வேண்டாம். கோபுரமும் பின் பிராக்கட்டும் நல்லது என்றால் அரைவாசிக் கவலை தீர்ந்தது. தரை வெட்டிப் போடுகிற சாமான். ஓட்டை தெரிகிற அளவுக்கு வெட்டினால் போதாது, தகடு பளபளவென்று வெள்ளையாகத் தெரிகிற இடம் வரை போய் அங்கே வெட்டுங்கள். ஒரு மிமீ தகடு எடுங்கள். மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூர்மூலையில்தான் பிறகு வெடிப்பு தொடங்கும். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் நடுவில் தண்ணீர் நிற்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுங்கள். பெட்டியை ஒட்டி முடித்ததும் உள்ளுக்கு மெழுகு கலந்த கறள் தடுப்பு அடிக்க வேண்டும். நம் பக்கத்துக் காற்றுக்கு அது இல்லாவிட்டால் செய்த வேலை நிலைக்காது.

மட்டுநகர் பொடியன்
தார்த் தட்டைக் கிளப்ப ஐஸ் வைப்பார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். மீன் வாடியில் ஐஸ் தாராளமாகக் கிடைக்குமே?

ஏறாவூர் பாஸ்
அது உலர் ஐஸ் தம்பி, பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. அந்தக் குளிரில் தார் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மீன் ஐஸ் பூச்சியப் பாகைதான், கூடவே தண்ணீரும் ஊற்றும், உப்பும் வரும். ஹீட் கன்னால் சூடாக்கி, அகல ஸ்க்ரேப்பரால் மெதுவாக எடுங்கள். மிஞ்சியதைத் தின்னர் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு வயர் பிரஷ்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டப் போகிற இடத்தைப் பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் துடைக்கவே கூடாது. சில வகைகளில் குளோரின் சேர்ந்த திரவம் இருக்கும், வெல்டிங் சூட்டில் அது பொஸ்ஜீன் வாயுவாக மாறும். அது ஆளைக் கொல்லும். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் முதல் பொறி.

வேகம்1300
பொடியை முழுக்கச் சீம் வெல்ட் செய்யச் சொல்வார்கள். எல்லாப் பொருத்தையும் தொடர்ச்சியாக ஒட்டலாமா?

சாய்ந்தமருது நானா
தொடர்ச்சியாக ஒட்டினால் பொடி முறுக்கிக்கொள்ளும். இந்தக் காரின் தகடு பெரும்பாலும் 0.8 மிமீ அளவுதான். 25 மிமீ ஒட்டு, 50 மிமீ இடைவெளி, மீண்டும் 25. ஒரு பக்கம் இரண்டு ஒட்டு போட்டதும் மறு பக்கத்துக்குப் போங்கள், இந்தப் பக்கம் ஆறட்டும். 0.6 மிமீ கம்பி, ஆர்கன் கலந்த வாயு. குச்சி வெல்டிங் மெஷினால், அதுதான் வீட்டு கேற் ஒட்டுகிற சாதாரண மெஷினால், இந்தத் தகட்டைத் தொட வேண்டாம், ஓட்டைதான் விழும். கோபுரம், முன் ரெயில், தரைப் பொருத்து, பின் லிங்க் பிராக்கட் இவற்றில் கவனம் செலுத்துங்கள். மோதினால் மடங்க வேண்டிய மூக்குப் பக்கத்தை இறுக்க வேண்டாம்.

மட்டுநகர் பொடியன்
கேஜ் விஷயம். எனக்குத் தெரிந்த இரண்டு கார்களில் ஒன்றரை இஞ்சி ஜீ.ஐ. பைப்தான் போட்டிருக்கிறார்கள். ஹார்ட்வெயாரில் கிடைக்கிறது, தடிப்பும் நல்ல தடிப்பு. அது ஏன் கூடாது?

சாய்ந்தமருது நானா
இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீ.ஐ. பைப் தண்ணீர் கொண்டுபோகச் செய்தது. தகட்டை உருட்டி, நீளவாக்கில் ஒட்டி, மேலே நாகம் (துத்தநாகம்) பூசியிருப்பார்கள். கார் உருளும்போது கேஜ் நசுங்காமல் வளைந்து விசையை வாங்க வேண்டும். அந்தத் தையலில் பிளந்தால் உள்ளே இருப்பவனின் தலைப் பக்கம் கூர்முனை வரும். நாகப் பூச்சின் மேல் ஒட்டினால் ஒட்டுக்குள் துளை துளையாக நிற்கும். அந்தப் புகையை மூச்சில் எடுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு கேஜுக்கு என்ன கேட்கிறது என்று சொல்கிறேன். குளிர் நிலையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் உருக்குக் குழாய். இழுவை வலிமை குறைந்தது 350 நியூட்டன் சதுர மிமீக்கு. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையம் 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிப்பு. அல்லது 50க்கு 2. மற்றக் குழாய்கள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. வளைக்கும்போது சூடாக்கக் கூடாது, வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. மணல் நிரப்பி நெருப்பில் வளைப்பது இதற்குச் சரிவராது. கால்கள் பொடியில் இறங்கும் இடத்தில் குறைந்தது 3 மிமீ தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டைப் பொடியோடு ஒட்ட வேண்டும். பொல்ட் போட்டுப் பூட்டுகிற கேஜ் என்றால் ஒரு காலுக்குக் குறைந்தது மூன்று எம்8 பொல்ட், 8.8 தரம்.

இப்போது பாரத்தைப் பாருங்கள். 45க்கு 2.5 குழாய் மீற்றருக்கு 2.6 கிலோ, 38க்கு 2.5 என்றால் 2.2 கிலோ. இப்படி ஒரு காருக்கு 30 மீற்றர் போனால் மொத்தம் 70 கிலோவுக்குள். ஒன்றரை இஞ்சி ஜீ.ஐ. நடுத்தர வகை 48.3 மிமீ விட்டம், 3.2 மிமீ தடிப்பு, மீற்றருக்கு 3.56 கிலோ. அதே 30 மீற்றர் 100 கிலோவைத் தாண்டும். பலமும் குறைவு, பாரமும் கூட. அந்தப் பாரத்தில் பெரும்பகுதி கூரையை ஒட்டி இருப்பதால் கார் உருளவும் அதுவே உதவும். விலை ஒன்றைத் தவிர ஜீ.ஐ.க்கு ஆதரவாக எதுவும் இல்லை. காசு போதாவிட்டால் ஆறு மாதம் பொறுத்துக் கேஜ் போடுங்கள். அதுவரை அந்தக் கார் கொட்டகைக்குள் நிற்கட்டும்.

ஆரையூரான் தம்பி, வளைப்பதைக் கொழும்புப் பக்கம் மான்ட்ரல் வளைப்பு மெஷின் உள்ளவரிடம் கொடுங்கள். வெட்டிப் பொருத்துவதை நீங்களே செய்யலாம். கடைசி ஒட்டை அனுபவம் உள்ள ஒருவர் போடட்டும். நானே வந்து போட்டுத் தருவேன்.

மட்டுநகர் பொடியன்
நன்றி நானா. இதை அந்த இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

பாதைக்குறிப்பு
நான் நேவிகேட்டர் சீட்டில் இருப்பவள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கேஜ் போட்ட காரை அதன் பிறகு சாதாரண சீட் பெல்ட்டோடு ஊருக்குள் ஓட்டவே கூடாது. ஹெல்மெட் இல்லாத தலைக்கும் அந்த இரும்புக்கும் இடையில் ஒரு கை அகலம்தான் இருக்கும். பஞ்சு சுற்றினாலும் அது ஹெல்மெட் போட்ட தலைக்கு மட்டுந்தான்.

சீட் வாங்கும்போது எஃப்.ஐ.ஏ. 8855-1999 முத்திரையும் உற்பத்தி வருடமும் பாருங்கள். அந்தத் தரத்துக்கு ஆயுள் ஐந்து வருடம். பெல்ட்டின் தோள் பட்டி பின்னால் போகும்போது கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழிறங்கக் கூடாது. செங்குத்தாக இறங்கினால் மோதும்போது முதுகெலும்பு அழுந்தும். 10 பாகை அளவில் இருப்பது நல்லது, அதற்காகத்தான் பிரதான வளையத்தில் ஒரு குறுக்குக் குழாய் போடுகிறோம். இடுப்புப் பட்டி வயிற்றில் இருக்கக் கூடாது, இடுப்பெலும்பில் இருக்க வேண்டும்.

தீயணைப்பான் குறைந்தது 2 கிலோ. இரண்டு உலோகப் பட்டியால் தரையில் பூட்டுங்கள். பெல்ட் போட்டபடியே இரண்டு பேருக்கும் கை எட்ட வேண்டும். பற்றரி வெட்டும் சுவிட்சும் அப்படித்தான், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் எட்ட வேண்டும். வெளியே இருக்கிற இடத்தில் நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி.

வேகம்1300
இவ்வளவும் சரி. ஆனால் மிட்சுபிஷி பொக்ஸ் லான்சர் சஃபாரி ராலியையே வென்ற கார். அதை விட்டுவிட்டு ஏன் கே.ஈ. 70?

படுவான்கரை
சஃபாரி வென்றது பொக்ஸ் இல்லை தம்பி, அதற்கு முந்திய உருண்டை வடிவ லான்சர் 1600 ஜி.எஸ்.ஆர். கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1974இலும் 1976இலும் அதில் வென்றார். அதற்கு முன் 1965இல் அவரும் தம்பி ஜஸ்வந்த் சிங்கும் வென்றது ஒரு பாவித்த வோல்வோ பீவீ 544இல். கறாஜில் வளர்ந்த மனிதர் அவர், தன் காரைத் தானே பார்ப்பார். சேறும் தூசியுமாக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகிற அந்தப் போட்டியில் கெட்டியான கார்தான் கடைசிவரை நிற்கும். நானா சொல்வதும் அதைத்தான்.

பொக்ஸ் நல்ல கார்தான். முன்னால் ஸ்ட்ரட், பின்னால் காயில் ஸ்பிரிங், கே.ஈ. 70 செடானும் அதே அமைப்பு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காரின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். கையில் இருக்கிற காரை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கே.ஈ. 70-இன் டி.எக்ஸ். வாகன் மட்டும் வேறு விஷயம், அதற்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங்.

இனி ஷொக். ஊரில் எல்லோரும் முதலில் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். ஸ்பிரிங் இறுகினால் டயர் நிலத்தில் நிற்காது, துள்ளும். எங்கள் பக்கம் கொக்கட்டிச்சோலையிலிருந்து மேற்கே போகிற கிரவல் ரோட்டில் மாரி முடிந்ததும் பாருங்கள். குறுக்கே வரி வரியாக அலை விழுந்திருக்கும். இடைக்கிடை தாம்போதி, அதன் இரண்டு கரையிலும் தண்ணீர் அரித்த வெட்டு. அந்த அலையில் டயர் துள்ளத் தொடங்கினால் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மேலும் கீழும் நீளமாக ஓடுகிற தண்டு, ஸ்பிரிங் திரும்பி உதைப்பதை அடக்குகிற நல்ல ஷொக், இரண்டும்தான் முக்கியம். உயரத்தை இரண்டு மூன்று இஞ்சிக்கு மேல் கூட்ட வேண்டாம். கூட்டினால் முன் கீழ்க் கையின் கோணம் கெட்டுவிடும். ஷொக் எண்ணெய் கொதித்துத் தளர்வதையும் கவனியுங்கள், கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும்.

ஆரையூரான்
இஞ்சினைக் கல்லிலிருந்து காக்கிற அடித் தட்டு என்ன தடிப்பு அண்ணன்?

படுவான்கரை
அலுமினியம் என்றால் 6 மிமீ, உருக்கு என்றால் 4 போதும். முன் குறுக்குச் சட்டத்திலிருந்து கியர் பொக்ஸ் வரை போகட்டும், முன் விளிம்பு மேலே வளைந்திருக்கட்டும். பொல்ட் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் கல்லிலேயே சப்பையாகி, பிறகு கழற்ற முடியாது. தலை தட்டுக்குள் அமிழ்கிற மாதிரிக் குடைந்து பூட்டுங்கள். இஞ்சின் எண்ணெய் இறக்க ஓர் ஓட்டை. பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் அடியில் ஓடுவதை மாற்றி உள்ளே கொண்டுவாருங்கள், காருக்குள் வரும் பெற்றோல் குழாயில் எந்தப் பொருத்தும் வரக் கூடாது. பிரேக் திரவம் புதிது, டொட் 4. ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பார்வைக்கு நல்லாயிருந்தாலும்.

இரண்டு பின் சில்லும் ஒன்றாகவே சுற்றும்படி பின் டிஃபை (டிஃபரென்ஷியலை) ஒட்டிப் பூட்டுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் அக்ஸில்தான் முறியும். செய்ய வேண்டாம்.

ஆரையூரான்
ஓட்டிப் பழகுவது எங்கே? அந்தக் கிரவல் ரோட்டிலேயே காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஓடலாமா?

படுவான்கரை
கூடாது. அது ரோட்டு, மைதானம் இல்லை. விடியமுன் பாலுக்குப் போகிறவர், வயலுக்கு நீர் கட்டப் போகிறவர், மாடு, சில இடங்களில் யானை எல்லாம் அதில்தான். மூடாத ரோட்டில் ராலி ஓடுவதற்கு நான் ஒருபோதும் ஆதரவில்லை. பெரும்போகம் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்கு உழாமல் கிடக்கிற மேட்டுக் காணி எங்களிடம் உண்டு. சொந்தக்காரர் நான்தான், வாருங்கள். வரம்பை விட்டுவிட்டு, பழைய டயர் வைத்து வளைவு அமைத்துத் தருகிறேன். இரண்டாம் கியரில் சறுக்கவும் சறுக்கிய காரைத் திருப்பிப் பிடிக்கவும் அங்கே பழகலாம்.

இன்னொன்று. கேஜ் போட்டுச் சீட் கழற்றிய காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். லொறியில் ஏற்றி வாருங்கள். பிறகு எப்போதாவது 5கே பூட்டினால் இஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் மாற்ற வேண்டும், மறக்க வேண்டாம்.

பாதைக்குறிப்பு
அந்தக் காணியில் பழகும்போது நானும் வருகிறேன். முதலில் காரே வேண்டாம், மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போய்க் குறிப்பு எழுதிப் பழகுங்கள். வளைவுக்கு 1 முதல் 6 வரை எண், 1 மிக இறுக்கம், 6 கிட்டத்தட்ட நேர். இப்படி வாசிப்பேன்: "இடது 4, 60, வலது 2 இறுகும், உள்ளே வெட்டாதே, 30, தாம்போதி, கவனம்." வளைவு வருவதற்கு ஒரு வளைவு முன்னதாகவே சொல்லி முடிக்க வேண்டும். எழுதுவது சுலபம், குலுங்குகிற காரில் பார்வை தாளுக்கும் ரோட்டுக்கும் போய் வரும்போது வரியைத் தொலைக்காமல் இருப்பதுதான் பழக்கம். சூப்பர்கிராஸுக்கு இது தேவையில்லை, மேடை ராலிக்கு இது இல்லாமல் முடியாது.

வேகம்1300
சரி, இஞ்சினை விட்டுவிடுகிறேன். 4கே-ஐ எந்த அளவுக்குப் பார்ப்பது என்றாவது சொல்லுங்கள்.

ஏறாவூர் பாஸ்
நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் திறக்க வேண்டாம். டைமிங் செயின், தண்ணீர்ப் பம்ப், எல்லா ஹோஸும் புதிது. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுங்கள், நம் வெயிலில் அதுதான் முதலில் கைவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தண்ணீர் தெறிக்காமல் ரப்பர் மறைப்பு. காற்று வடிக்கு எண்ணெய் தடவிய ஸ்பொஞ்ச் வகை, ஓட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். கிரவல் தூசி உள்ளே போனால் ரிங் தேய்ந்துவிடும்.

ஆரையூரான்
எல்லோருக்கும் நன்றி. 5கே-ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காசில் சீம்லெஸ் குழாய் எடுக்கிறேன். இந்த மாதம் தரை, பெட்டி, சீம் வெல்ட். மின்னேரியா, சாலியபுர, தியத்தலாவை சூப்பர்கிராஸ்களில் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை விதிப்புத்தகம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேஜ் வரைபடம் முடிவு செய்வேன். குழாய் வாங்க முன் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா நானா?

சாய்ந்தமருது நானா
ஆலைச் சான்றிதழ் இல்லாமல் குழாய் எடுக்க வேண்டாம். விட்டமும் தடிப்பும் அதில் இருக்கும், ஆனாலும் வேர்னியர் கொண்டுபோய் முனையில் நீங்களே அளந்து பாருங்கள். அளவு எடுப்பதற்கு முன் தரையை ஒட்டி முடித்து, சீட் இரண்டையும் நிரந்தர இடத்தில் பூட்டுங்கள். ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி, நீங்களும் நேவிகேட்டர் தங்கச்சி பாதைக்குறிப்பும் உட்காருங்கள். உங்கள் இருவரில் உயரமானவருடைய ஹெல்மெட்டுக்கும் குழாய் வரப்போகிற இடத்துக்கும் குறைந்தது நாலு விரல் விட்டு, பழைய பீ.வீ.சீ. குழாயால் ஒரு மாதிரி வளையம் செய்து வையுங்கள். அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வளைக்கக் கொடுப்பது அதற்குப் பிறகு.